தோணிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி

போன வாரம் உங்கள் அறையைக் கடந்து போகும்போது ஒரே சிரிப்பாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். புதிய துப்பறியும் விளையாட்டை வெளியாள் ஒருவர் விளையாடிப் பார்த்த பதிவு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் கையில் ஒரு சாவி. அதைக் கதவில் போட்டுப் பார்த்தார், பெட்டியில் போட்டுப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டில் போட்டுப் பார்த்தார், கடைசியில் பூனையிடம் நீட்டினார். பூனையிடம் நீட்டியதும் உங்களில் ஒருவர் கதிரையோடு சாய்ந்து விழப் பார்த்தார். இந்த ஆளுக்கு மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று இன்னொருவர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் புதிர் பார்க்க என்று கூப்பிட்டுத் தேநீரும் தருகிற இடத்தில், வந்த உடனே வாயைத் திறப்பது மரியாதையில்லை. ஆனால் புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். இனி என் மேல் பிழையில்லை.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பார்கள். நம் தொழிலில் பாதி நேரம் மேடை உண்மையிலேயே கோணல்தான். அதைக் கட்டிய நாங்கள் கீழே உட்கார்ந்துகொண்டு ஆடுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறோம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். நான் சிரித்தது என் அப்பாவைப் பார்த்து.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டில் ஒரு கணினி இருந்தது. லண்டனிலிருந்த அண்ணை, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. கணினி என்றதும் நீங்கள் இப்போது மேசையில் வைத்திருப்பதை நினைக்க வேண்டாம். அது தட்டச்சு விசைகள் பதித்த ஒரு சின்னப் பெட்டி. வரவேற்பறை டீவியோடு அதைப் பொருத்த வேண்டும். விளையாட்டுகள் பாட்டுக் கேட்கிற கசெற்றில் இருக்கும். கசெற்றைப் போட்டால் கீச்சென்று ஒரு சத்தம் தொடங்கும். அது ஓய்ந்தால்தான் விளையாட்டு. அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டுக் கோழிகள் வளவின் மறு எல்லைக்குப் போய் நிற்கும். சமைத்துக்கொண்டிருக்கிற அம்மா குசினிக் கதவைச் சாத்திவிடுவார்.

படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். நீங்கள் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். கதவைத் திற என்று எழுதினால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். வீட்டுக்காரரிடம் கேள் என்று எழுதினால் அவர் பதில் சொல்வார். தனக்குத் தெரியாத சொல்லைக் கண்டால் மட்டும் "எனக்கு விளங்கவில்லை" என்று ஒரே வரி. அண்ணை அனுப்பிய மூன்று விளையாட்டுகளையும் முடித்தபோது எனக்கு இருபத்தொரு வயது. உலகத்தில் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான் என்று முடிவு செய்திருந்தேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் கணினி வகுப்பு நடத்திய ஓர் ஆசிரியரிடம் படித்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். அவர் ஒன்றை அடிக்கடி சொல்வார்: சனம் திணற வேண்டும், திணறினால்தான் அது புதிர். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு விளையாட்டு எழுதினேன். பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். கதை எங்கள் ஊரிலேயே நடக்கிறது. ஒரு கலியாண வீடு. முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது தாலிக்கொடியைக் காணவில்லை. விளையாடுகிறவர்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வீடு, கிணற்றடி, சமையல் கொட்டில் எல்லாம் அலைந்து கடைசியில் துறைமுகத்துக்கு வருவார். அங்கே ஒரு தோணிக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பான். அவன் எங்கே போகிறான் என்று கேட்டால், காரைநகருக்கு, ஒரு பொட்டலம் கொடுக்கப் போகிறேன் என்பான். அதோடு முடிச்சு அவிழும்.

ஆசிரியர் விளையாடிப் பார்த்தார். துறைமுகத்தில் வெகுநேரம் நின்றார். கடைசியில் நானே விடையைச் சொல்ல, மேசையில் தட்டிச் சிரித்தார். இந்த இடத்தில் ஒரு கிழமையாவது, ஏழு நாளும் முழுதாகத் திணறுவார்கள் என்றார். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொன்னார். அடுத்த மாத முதல் திங்கட்கிழமை வந்து வேலையில் சேரலாம் என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். கையில் மூன்று கிழமை இருந்தது. மிச்சம் அப்பா சம்மதிக்க வேண்டியதுதான்.

அதுதான் பெரிய மிச்சம். அப்பா குருநாகல் பக்கத்தில் ஒரு பட்டினத்தில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். வந்த அன்றைக்குச் சொன்னது இதுதான்: இனி இந்த வீட்டு ஆட்கள் ஒருவரும் வவுனியாவுக்கு அங்காலை, தெற்கே, கால் வைக்கக் கூடாது. பிறகு சந்தியில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை போட்டார். காலையில் திறப்பார், பின்னேரம் திறப்பார். நடுவில் வீட்டில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். நித்திரையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடை நடத்திய காலத்தில் ஒருவன் வாசல்படி ஏறும்போதே அவன் வாங்க வந்தவனா, கடன் கேட்க வந்தவனா என்று சொல்லிவிடுவாராம். இப்போது சாமான் வாங்க வருகிறவர்களை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

கொழும்புக் கதையை எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெட்டியில் என்ன வேலை, அதற்கு யார் காசு தருவார்கள் என்று விசாரித்தார். நான் விளக்க விளக்க அவருக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு போனது. கடைசியில், விற்கிற சாமானைத் தான் ருசி பார்க்காமல் தட்டில் வைக்காத வியாபாரியாக ஒரு முடிவுக்கு வந்தார்.

"உதை நான் விளையாடி முடிக்கிறன். முடிச்சாப் பிறகு கொழும்பைப் பற்றிக் கதைப்பம். ஆனா நீ வாய் திறக்கப்படாது பிள்ளை. நீ சொல்லித் தந்து நான் முடிச்சனெண்டால், கதையும் இல்லை, கொழும்பும் இல்லை."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினோம். விசைகளைத் தேடித் தட்ட அவருக்குப் பொறுமை இல்லை. அவர் சொல்வார், நான் தட்டுவேன். அவர் முதலாளி, நான் கணக்கப்பிள்ளை. கலியாண வீட்டுக்குள் போனதும் மனிதர் உயிர்த்துவிட்டார். எல்லோரிடமும் போய் சுகம் விசாரித்தார். சமையல்காரரிடம் எத்தனை பேருக்கு உலை வைத்தது என்று கேட்கச் சொன்னார். பெட்டி விளங்கவில்லை என்றது. பந்தியில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தார், அது பெட்டிக்கு விளங்கியது. அன்றைக்கே அவர் துறைமுகத்துக்கு வந்துவிட்டார். நான் எதிர்பார்த்ததைவிட மிக வேகம்.

தோணிக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான் என்று திரையில் வந்தது. அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"தூரமோ எண்டு கேள்."

தட்டினேன். எனக்கு விளங்கவில்லை என்றது பெட்டி. அப்பா தலையை ஆட்டிவிட்டு அதை விட்டார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். மாட்டிக்கொண்டார், இனித் திணறுவார் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் அல்லாதவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காரியமாக வெளிக்கிட்டுப் போகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது நம்பிக்கை. அப்படிக் கேட்கப்பட்டவர் திரும்பி வீட்டுக்குள் வந்து, கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடுவார். அப்பா இதில் இன்னும் கடுமை. கடைக்காலத்தில் ஒருமுறை அவர் பயணப் பெட்டியோடு படலையைத் தாண்டும்போது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பிள்ளை ஒன்று எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டது. அப்பா பெட்டியோடு திரும்பி வந்து படுத்தவர், அடுத்த நாள்தான் போனார். தெரிந்துகொள்ள விரும்பினால் நாங்கள் தூரமோ என்று கேட்போம். போகிறவருக்கு விருப்பம் இருந்தால் இடத்தைச் சொல்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அந்த மண்ணிலேயே வளர்ந்தவள். ஆனால் விளையாட்டு எழுதக் கற்றது அண்ணை அனுப்பிய கசெற்றுகளிலிருந்து. அவற்றில் துப்பறிகிறவன் கண்டவனையெல்லாம் நிறுத்தி நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்பான். நானும் கதிரையில் உட்கார்ந்ததும் அந்த ஆளாக மாறிவிட்டேன். எங்கே என்ற சொல் வந்தால் மட்டும் தோணிக்காரன் வாய் திறக்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். துறைமுகம் எங்களுடையது, தோணி எங்களுடையது, கேள்வி மட்டும் கப்பலேறி வந்தது.

அடுத்த நாட்களில் அப்பா அந்தத் தோணிக்காரனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காற்று எந்தப் பக்கம் என்று கேட்டார். வீட்டில் பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். வெற்றிலை கொடுத்தார். தோணியைத் தள்ளிவிட உதவி செய்தார். மீன் விலைக்குக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், எனக்கு விளங்கவில்லை. இவனென்ன செவிடனோ என்று அப்பா கேட்டார். ஒரு நாள் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, அந்தத் தோணிக்காரன் எத்தினை நாளாக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். பாவம், போக விடுங்கோவன்" என்றார். நானும் அம்மாவும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

இரண்டாவது கிழமை போனபோது எனக்கும் சிரிப்பு வற்றிவிட்டது. அப்பா துறைமுகத்துக்கு வந்தால் திரையையே பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினார். ஒரு பின்னேரம் கடை திறக்கவும் போகவில்லை. தலையிடி என்றார். புதிர் கடினமாக இருப்பது நல்லது என்று நினைத்திருந்தவளுக்கு, இது கடினம் அல்ல, வேறென்னவோ என்று மட்டும் பட்டது.

அது என்னவென்று தெரிந்தது நிசமான துறைமுகத்தில். அம்மா காரைநகரிலிருந்த தன் தங்கைக்கு ஒரு பையைப் படகில் போகிறவர் யாரிடமாவது கொடுத்துவிட என்னை அனுப்பியிருந்தார். படகு புறப்பட நின்றது. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு அண்ணை கையில் ஒரு பார்சலோடு ஏறப் போனார். நான் யோசிக்கவே இல்லை, என் வாய் தானாகக் கேட்டது.

"தூரமோ அண்ணை?"

"இல்லைப் பிள்ளை, காரைநகருக்குத்தான். மகளிட்டை இதைக் குடுத்துப்போட்டு வாறன்."

பையை அவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நின்றேன். நான் எழுதிய இடம், நான் எழுதிய தோணி, நான் எழுதிய பதில். இதைக் கேட்கத்தான் அப்பா முதல் நாளே முயன்றார். கேட்க வேண்டியதை, கேட்க வேண்டிய விதத்தில், முதல் வாயிலேயே கேட்டார். அதற்கு என் பெட்டி விளங்கவில்லை என்றது, நான் பக்கத்தில் இருந்து சிரித்தேன். வெட்கத்தில் காது சுட்டது. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பெட்டியைத் திருத்திவிடலாம் என்று நடந்தேன். இரண்டு வரி சேர்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. எங்கேயோ கம்பி அறுந்துவிட்டதாம், வர நாலைந்து நாளாகும் என்றார்கள். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், அதற்குள் கரண்ட் வருமா என்பதே சந்தேகம்.

ஆனால் அப்பா விடுகிற ஆள் இல்லை. டீவி செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, இதை எழுதினது நீதானே, எல்லாம் உன் தலைக்குள் இருக்கும், நீயே பெட்டியாக இரு என்றார். பெட்டி சொல்கிறதை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முகத்தைப் பார்த்து விடையை எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்; அதனால் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்துகொண்டேன். அப்பாவுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, எனக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கவில்லை என்று சொல்வது லேசான வேலை இல்லை. அம்மாவுக்கும் அது பிடிக்கவில்லை. பெட்டி சொல்லும்போது அது பெட்டி, பிள்ளை சொல்லும்போது அது வாய்க்காட்டல் என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது பெட்டி நான்தான். தூரமோ என்று அவர் இன்னொரு முறை கேட்டால் போதும், தோணிக்காரன் வாயைத் திறந்துவிடுவான். நான் ஒன்றும் சொல்லித் தந்ததாக ஆகாது. அவர் கேட்டார், பெட்டி பதில் சொன்னது, முடிந்தது கதை. சுவரைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவே இல்லை. வேறு எல்லாம் கேட்டார். கடல் எப்படி, படகில் எத்தனை பேர், பாய் கிழிந்திருக்கிறதே தைக்கவில்லையா, எல்லாம். ஒரு முறை நான் பொறுக்க முடியாமல், முதலில் இருந்து எல்லாவற்றையும் இன்னொருக்கால் கேட்டுப் பாருங்களேன் என்றேன். கேட்டது கேட்டதுதான், ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறவன் வியாபாரியில்லை என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள், பிள்ளைகளே. தொழிலில் நான் கற்றதில் இதுதான் பெரிது. சரியான விடையை ஒருவர் ஒருமுறை கொண்டுவந்து நீட்டி, நீங்கள் அதைத் தட்டிவிட்டால், அவர் அதை மறுபடி கொண்டு வரமாட்டார். உங்களை நம்பி அதை ஒதுக்கிவிடுவார். பிறகு மிச்ச உலகத்தையெல்லாம் தேடுவார், பூனையிடமும் சாவியை நீட்டுவார். அது மூளை இல்லாததால் இல்லை. நீங்கள் சொன்னதை அவர் நம்பியதால்தான். உங்கள் ஆள் கதவில் சாவியைப் போட்டபோது என்ன நடந்தது என்று பதிவில் திரும்பப் பாருங்கள். கதவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று போட்டார் என்பதற்காக சரியான கதவையே உங்கள் விளையாட்டு திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நான் அவசரப்பட்டேன். அப்பா தோணிக்காரனிடம் வந்ததும், பெட்டியின் குரலில் ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னேன்: தோணிக்காரன் உங்களைத் திரும்பிப் பார்க்கிறான், நீங்கள் ஏதோ கேட்பீர்கள் என்று நிற்கிறான்.

பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"உது முந்தி இல்லையே."

நான் சுவருக்கு இன்னும் கிட்டப் போனேன்.

"தராசிலை கை வைக்கிறாய் பிள்ளை. முப்பது வருசம் தராசு பிடிச்சவனுக்கு விளங்காதோ?"

கதிரை அசைந்தது. எழும்பிவிட்டார். எழும்பிப் போய்விட்டால் கொழும்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். இல்லை, நீங்கள் மறந்துவிட்டீர்கள், முந்தியும் இருந்தது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிலைமையில் அது லேசாகவும் வந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் இன்னொரு தரம் அவருக்கே பிழை போகும். ஏற்கெனவே இரண்டு கிழமையாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். நான் சுவரை விட்டுத் திரும்பினேன்.

"அப்பா, விடை சொல்லேல்லை. பிழையைத்தான் சொல்லுறன். நீங்கள் முதல் நாளே சரியாக் கேட்டிட்டியள். தூரமோ எண்டு கேட்டியள். அதுதான் கேள்வி. எங்கை போறாய் எண்டு கேட்டால்தான் வாய் திறப்பான் எண்டு நான்தான் மடைத்தனமா எழுதி வைச்சனான்."

அப்பா நின்றபடியே என்னைப் பார்த்தார்.

"வெளிக்கிடுறவனிட்டை ஆரும் அப்பிடிக் கேப்பினமோ?"

"கேக்க மாட்டினம்."

"முதல் நாளோ?"

"ஓம் அப்பா. முதல் நாள், முதல் கேள்வி."

அவர் மெல்ல மறுபடி கதிரையில் இருந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"ஆக்களைப் பாத்து எடை போடுற கணக்கு என்னை விட்டுப் போட்டுதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். அண்டைக்கு அந்தப் பட்டினத்திலை ஒருத்தற்றை முகத்தையும் எனக்குப் பிடிபடேல்லை. அதோடை போட்டுதெண்டு நினைச்சன். உன்ரை பெட்டியும் அதைத்தான் சொன்னது."

எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார், உள்ளே வரவில்லை. ஒரு விளையாட்டில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு மனிதன் தன்னைப் பற்றி ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பதை நாங்கள் ஒரு வரியில் உறுதிப்படுத்திவிட முடியும் என்பதும் தெரியாது.

அவர் என்னை அழவிட்டார். பிறகு, சரி, சுவரைப் பார்த்துத் திரும்பு, விளையாட்டை முடிக்க வேண்டும் என்றார். முறையாகத் தூரமோ என்று கேட்டார். தோணிக்காரன் காரைநகர் என்றான், பொட்டலம் என்றான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு என் உதவி தேவைப்படவில்லை. எடுத்தது மாப்பிள்ளையின் மாமன்தான் என்று நேராகச் சொன்னார். அது சரியான விடை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், கலியாண வீட்டுக்குள் போன அன்றே தெரியும் என்கிறார். தாலிக்கொடியைக் காணவில்லை என்று வீடே கலங்கி நிற்கும்போது, அந்த மனிதன் இரண்டு பந்தியிலும் இருந்து சாப்பிட்டிருக்கிறானாம். பந்தி விபரத்தை நான் ஓர் அலங்காரத்துக்குத்தான் எழுதிவைத்தேன். அதில் அப்படி ஒரு துப்பு இருப்பது எழுதின எனக்கே தெரியாது.

கொழும்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை கடையைத் திறக்காமல் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து மேசையில் இரண்டு ரிக்கற்றை வைத்தார், ஞாயிறு கொழும்பு பஸ். அம்மாவும் என்னோடு வருகிறாரா என்று கேட்டேன்.

"அவ என்னத்துக்கு? நான் வாறன். அங்கை போயும் நீ சனத்துக்கு விளங்கேல்லை எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறியோ எண்டு ஒருக்காப் பாக்க வேணும்."

அம்மா அலுமாரியைத் திறந்து, அவருடைய பழைய பயணப் பெட்டியை வெளியே எடுத்துத் தூசி தட்டத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைப் பாலத்தைத் தாண்டும்வரை அப்பா பேசினார். வவுனியாவில் எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். ஏற வேண்டிய நேரத்தில் அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். வேண்டாம் அப்பா, திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் எனக்கு முந்தியே ஏறிப் போய் இருந்துவிட்டார்.

மதவாச்சியில் ஒரு சிங்கள மனிதர் மடியில் ஒரு சாக்கோடு பக்கத்து வரிசையில் வந்து இருந்தார். அப்பா கனநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சாக்கைப் பார்த்தார். கடைசியில், ஐந்து வருடமாக எங்கள் வீட்டில் ஒரு சொல்லும் கேட்காத சிங்களத்தில், இந்தப் பக்கம் தேங்காய் இப்போது என்ன விலை என்று கேட்டார். அந்த மனிதர் சொன்னார். அது கூடுதல் என்றார் அப்பா. அவர் இல்லை என்று காரணம் சொன்னார். அப்பா அந்தக் காரணத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயதில் நானும் கொஞ்சக் காலம் அந்தப் பட்டினத்தில் இருந்தவள் என்பதால், மழை, லொறிக்கூலி, நல்ல காய், சொத்தைக் காய் என்று பாதியாவது எனக்கும் விளங்கியது.

பஸ் குருநாகல் பக்கம் வந்து, எங்கள் பழைய பட்டினத்துக்குள் நுழைந்தது. மணிக்கூட்டுச் சந்தி வந்தது. கடை இருந்த தெரு இடது பக்கம் வந்து, பின்னால் போனது. நான் பயந்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த மனிதரின் சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, காதோடு வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.